சுவருக்குப் பின்னால் மூன்றடி

வீடு கட்டுகிறவர்கள் என்னைக் கூப்பிடுவது பெரும்பாலும் பூச்சு வேலை முடிந்த பிறகுதான். கைபேசியில் ஒரு படம் காட்டுவார்கள். ஹால் சுவரோடு சுவராகப் பதித்த மீன் தொட்டி. குழாயோ ஒயரோ எதுவும் வெளியே தெரியாது. “இதே மாதிரி வேணும், எவ்வளவு ஆகும்?” என்பார்கள். நான் விலை சொல்வதற்கு முன் சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று கேட்பேன். ஸ்டோர் ரூம் என்றால் உட்கார்ந்து பேசலாம். படுக்கையறை என்றால் வீட்டம்மாவையும் கூப்பிட்டு வைத்துப் பேச வேண்டும். பக்கத்து ஃப்ளாட் என்றால் காபி குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவேன்.

சென்னையில் தொட்டி கட்டும் வேலைக்கு நான் வந்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. பட்டறை கொளத்தூரில். நாட்டின் பெரிய வண்ண மீன் சந்தைகளில் ஒன்று எங்கள் ஊர். தெருவுக்குத் தெரு மீன் கடை, மாடிக்கு மாடி மீன் குஞ்சு. இத்தனை காலத்தில் நான் பார்த்து வைத்தது ஒன்றுதான்: ஹாலில் தெரிகிற தொட்டி எத்தனை வருஷம் தாங்கும் என்பதை அதன் கண்ணாடி தீர்மானிப்பதில்லை, பின்னால் இருக்கிற அறை தீர்மானிக்கிறது.

நான் தொழில் பழகியபோது சுவருக்குள் தொட்டி என்ற பேச்சே கிடையாது. சென்னையின் பழைய சந்தையான மூர் மார்க்கெட் 1985-இல் எரிந்துபோயிருந்தது. அந்தச் சந்தைக் காலத்துத் தொட்டிக்காரர் ஒருவரிடம் எடுபிடியாகச் சேர்ந்தேன். இரும்பு ஆங்கிளை வெட்டி வெல்டு வைத்துச் சட்டம் செய்வோம். துரு பிடிக்காமல் ரெட் ஆக்ஸைடு அடித்து, உள்பக்கம் மக்கு அப்பி, கண்ணாடியை அழுத்திப் பதிப்போம். தண்ணீர் நின்றால் அந்த அழுத்தத்திலேயே கண்ணாடி மக்கோடு ஒட்டிக் கிடக்கும். வெளியூர் போகிறோம் என்று தண்ணீரை வடித்துக் காயப்போட்டால் தீர்ந்தது. மக்கு காய்ந்து வெடித்து, திரும்பி வந்து ஊற்றும்போது நாலு மூலையிலும் ஒழுகும். தொட்டியை இடம் மாற்றவும் முடியாது. துருப்பிடித்த சட்டத்தோடு அதைச் சுவரில் பதித்து அழகு பார்க்க யாருக்குத் தோன்றும்?

சிலிக்கான் பசை கைக்கு வந்ததும் சட்டம் போய்விட்டது. கண்ணாடியோடு கண்ணாடியை நேராக ஒட்டலாம் என்றானது. இந்த ஒட்டு வேலையைத்தான் இன்றும் பையன்களுக்கு முதலில் கற்றுக்கொடுக்கிறேன். விளிம்பை ஸ்பிரிட் தொட்டுத் துடைக்க வேண்டும். விரல் ரேகைகூட இருக்கக் கூடாது. இரண்டு பக்கமும் மாஸ்கிங் டேப் ஒட்டி, பசையை ஒரே இழுப்பில், நடுவில் நிறுத்தாமல் இழுக்க வேண்டும். நிறுத்திய இடத்தில் காற்றுக் குமிழி உட்காரும், நாளைக்கு அங்கேதான் கசியும். கண்ணாடியை வைத்தபின் அதிகமாக அழுத்தினால் பசை முழுக்க வெளியே பிதுங்கி, நடுவில் வெறும் கண்ணாடிதான் மிஞ்சும். சோப்புத் தண்ணீரில் நனைத்த விரலால் ஒரு முறை வழித்துவிட்டு, மேலே ஆடை படிவதற்குள் டேப்பை உரித்துவிட வேண்டும். காடி வாசம் அடங்கும்வரை தொடக் கூடாது. ஒரு வாரம் போனால் தண்ணீர் ஊற்றிப் பார்க்கலாம். பாத்ரூம் மூலைகளுக்கு என்று விற்கிற சிலிக்கானில் பூஞ்சைக் கொல்லி சேர்ந்திருக்கும். சுவரில் கருப்புப் படியாது, மீன் செத்துப்போகும்.

சுவரில் பதிக்கும் தொட்டியைப் பட்டறையிலேயே முழுக்க நிரப்பி இரண்டு நாள் நிறுத்திப் பார்த்துவிட்டுத்தான் வண்டியில் ஏற்றுவேன். வாடிக்கையாளர் அவசரப்படுவார். பட்டறையில் ஒழுகினால் சாக்கு போட்டுத் துடைக்கலாம். அவர் வீட்டு ஹாலில் ஒழுகினால் இத்தாலிய மார்பிளும் கீழ்வீட்டுக்காரர் கூரையும் சேர்ந்து கணக்கில் வரும்.

எடையைப் பற்றி யாரும் கேட்பதில்லை. நானே சொல்ல ஆரம்பித்தால் முகம் மாறும். வீடுகளில் அதிகம் கேட்கிற அளவு ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம். அது 24 கன அடி. கன அடிக்கு 28.3 லிட்டர் என்று போட்டால் தண்ணீர் மட்டும் ஏறக்குறைய 680 கிலோ. 12 மில்லிமீட்டர் கண்ணாடி சதுர மீட்டருக்கு 30 கிலோ. தொட்டிக் கண்ணாடி 120 கிலோவைத் தாண்டும். மணல், கல், கட்டை, ஸ்டாண்டு எல்லாம் சேர்ந்தால் ஒரு டன் பக்கம் வந்துவிடும். இவ்வளவும் நிற்கிற இடம் 12 சதுர அடி. குடியிருப்பு அறைகளின் தளத்துக்கு ஐ.எஸ். 875 தரக் குறியீடு வைத்திருக்கும் சுமைக் கணக்கு சதுர மீட்டருக்கு 2 கிலோ நியூட்டன், அதாவது சுமார் 200 கிலோ. தொட்டி ஒன்று அதைப் போல நாலு மடங்கைத் தாண்டி ஒரே இடத்தில் இறக்குகிறது. சுமை தளம் முழுக்கப் பரவும், உடனே ஒன்றும் இடிந்து விழாது என்பது உண்மை. ஆனால் எந்த இடத்தில் வைக்கிறோம் என்பது முக்கியம். தளத்தின் நடுவில் வைப்பது வேறு, பீம் மேல், தூணை ஒட்டி வைப்பது வேறு.

வேளச்சேரியில் நாலாவது மாடியில், வங்கியில் இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் ஹாலுக்கும் சாப்பாட்டு இடத்துக்கும் நடுவே தடுப்பாக ஆறடித் தொட்டி கேட்டார். கட்டடத்துக்கு டிசைன் போட்ட பொறியாளரை வரவழைக்காமல் அளவெடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். கோபித்துக்கொண்டார். இருந்தாலும் கூப்பிட்டார். வந்தவர் வரைபடத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு, “நடுவுல வேணாம் சார். இந்தச் சுவருக்குக் கீழ பீம் போகுது, இதை ஒட்டி வைங்க. நாலடிக்கு மேல போகாதீங்க” என்றார். நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்று முடிவானது, 255 லிட்டர்தான். இன்றும் அந்தத் தொட்டி ஓடுகிறது. மாடி வீட்டில் தொட்டி கேட்பவர்களுக்கு நான் சொல்லும் முதல் செலவு அந்தப் பொறியாளரின் கட்டணம்தான். தரைதளத்து வீடு என்றால் இந்தப் பேச்சு பாதியாகக் குறையும்.

அடுத்தது சுவர். இப்போதைய தூண்-பீம் கட்டடங்களில் அறைகளைப் பிரிக்கிற நாலரை அங்குலச் சுவரைத் திறப்பது பெரிய வேலையில்லை. மேலே லிண்டல் போட்டுக்கொண்டால் போதும். மயிலாப்பூர், புரசைவாக்கம் பக்கத்துப் பழைய வீடுகளில் கதை வேறு. அங்கே ஒன்பது அங்குலச் சுவர்தான் கூரையைத் தாங்கி நிற்கிறது. முட்டுக் கொடுத்து, லிண்டல் செருகி, அது இறுகிய பிறகுதான் செங்கல்லில் கை வைக்க வேண்டும்.

தொட்டியைச் சுவர்மேல் உட்காரவைக்கக் கூடாது. தொட்டிக்குத் தனி ஸ்டாண்டு, அது பின் அறையின் தரையில் நிற்க வேண்டும். சுவரில் இருப்பது வெறும் திறப்பு. அந்தத் திறப்பு தொட்டியைவிட நாலு பக்கமும் ஓர் அங்குலம் சின்னதாக இருந்தால் ஒட்டுப் பசையும் தண்ணீர் மட்டமும் சட்டத்துக்குப் பின்னால் மறைந்துவிடும். கண்ணாடிக்கும் சுவருக்கும் நடுவே அரை அங்குலம் விட்டு ஸ்பாஞ்சு அடைக்கிறேன். கட்டடம் மெல்ல உட்காரும்; சிமெண்டு கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருந்தால் விரிசல் கண்ணாடிக்கு வரும். ஸ்டாண்டுக்கு மேல் ஒரு தகடு தெர்மாகோல் போட்டுத்தான் தொட்டியை இறக்குவோம். அடிக்கண்ணாடிக்கும் பலகைக்கும் நடுவே ஒரு மணல் துகள் சிக்கினால்கூட அந்தப் புள்ளியில் கண்ணாடி தெறிக்கும்.

மட்டம் பார்ப்பதற்குக் கொத்தனாரின் ட்யூப் மட்டத்தை மிஞ்சியது எதுவும் இல்லை. தனியாக நிற்கிற தொட்டியில் கால் அங்குலம் சாய்ந்திருந்தால் யார் கண்ணிலும் படாது. சுவரில் பதித்த தொட்டியில் மேலே சட்டம் நேர்கோடாக இருக்க, கீழே தண்ணீர் சாய்வாகத் தெரிந்தால் ஹாலுக்கு வருகிற முதல் விருந்தாளியே கேட்டுவிடுவார்.

இவ்வளவு செய்தும் வீணாகிற வேலைகளைப் பார்த்திருக்கிறேன். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு பெரிய வீடு. உள் அலங்காரம் செய்தவர் வேறொரு ஆளை வைத்துத் தொட்டி கட்டியிருந்தார். ஏழடி, நல்ல கண்ணாடி, வெளிநாட்டு விளக்கு. தண்ணீர் பச்சையாகிவிட்டது, வந்து பாருங்கள் என்று என்னைக் கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் பின்பக்கம் அலமாரி. தொட்டிக்கும் மேல் பலகைக்கும் நடுவே ஆறு அங்குலம் இடைவெளி. தீனி போட ஒரு கை நுழையும், துடைக்கிற கை நுழையாது. வேலை செய்கிற பையன் ஒரு குச்சியில் ஸ்பாஞ்சைக் கட்டி எட்டின தூரம் தேய்த்துக்கொண்டிருந்தான். எட்டாத மூலைகளில் பாசி தடித்துக் கிடந்தது. “அலமாரியை எடுத்தாத்தான் முடியும் மேடம்” என்றேன். “அது தேக்கு, எடுக்க முடியாது” என்றார் அந்த அம்மா. சில மாதம் கழித்துப் போனபோது தொட்டிக்குள் தண்ணீர் இல்லை. கூழாங்கல்லும் பிளாஸ்டிக் பூவும் வைத்து விளக்குப் போட்டிருந்தார்கள்.

அதனால்தான் பின்னால் மூன்றடி கேட்கிறேன். ஒரு ஆள் வாளியோடு நின்று, குனிந்து, நிமிர மூன்றடி வேண்டும். தொட்டிக்கு மேலே ஒன்றரை அடியாவது காலியாக இருந்தால்தான் தோள் வரை கையை இறக்க முடியும். தொட்டியின் அகலம் இரண்டடியைத் தாண்டினால் பின்னால் நிற்பவரின் கை முன்கண்ணாடியை எட்டாது. முக்காலி போட்டு ஏறிப் பாதி உடம்பை உள்ளே விட வேண்டிவரும். அகலமான தொட்டி அழகுதான். ஆனால் கையின் நீளம் எல்லா வீட்டிலும் ஒன்றுதான்.

அந்த மூன்றடியைக் கொடுத்தவர்கள் பிறகு பத்தடி கொடுப்பார்கள். மீன் பைத்தியம் அப்படித்தான் வளரும். அம்பத்தூரில் தொழிற்பேட்டையில் ஷிப்டு பார்க்கிற ஒருவர், ஹாலுக்குப் பின்னால் இருந்த பத்துக்கு எட்டு அறையை எனக்கு விட்டார். சுவரில் நாலடித் தொட்டி. பின்னால் இரண்டு பக்கமும் மூன்றடுக்கு ராக்கு, அதில் சின்னத் தொட்டிகள். ஏஞ்சல், கப்பி, ஃபைட்டர் என்று குஞ்சு எடுக்க ஆசை. அந்த அறையில்தான் எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் போட்டேன்.

ராக்குக்குக் கடையில் கிடைக்கிற ஓட்டை ஆங்கிள் வேண்டாம் என்றேன். உப்புத் தண்ணீர் சொட்டி இரண்டு மழைக்காலத்தில் துருவாகும். ஜி.ஐ. சதுரக் குழாயில் வெல்டு வைத்து எபாக்ஸி அடித்தோம். கீழ் அடுக்கு தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில். இல்லாவிட்டால் தண்ணீர் வடிக்க ட்யூப் போட்டால் இறங்காது. தரையை ஒரு மூலைக்குச் சாய்த்து, அங்கே ஒரு வடிகால் துளை. மீன் அறையில் தண்ணீர் கொட்டாமல் இருக்காது, கொட்டினால் போகிற வழியைத்தான் முதலில் செய்ய வேண்டும். கதவு பி.வி.சி.; மரக்கதவு ஈரத்தில் ஊதி ஒரு வருஷத்தில் மூடாது. ஹால் தொட்டிக்குக் கீழ் அலமாரி செய்ய ஆசாரி மலிவான துகள் பலகையைக் கொண்டுவந்தார். திருப்பி அனுப்பிவிட்டு நீர் தாங்கும் மெரைன் பிளைவுட் வாங்க வைத்தேன்.

தொட்டிக்கு ஒரு மோட்டார் என்று வாங்கினால் அந்த அறையில் இருபது மோட்டார் இரைந்துகொண்டிருக்கும். அதற்குப் பதில் ஒரே பெரிய காற்று மோட்டார். அறையின் சுவர்களைச் சுற்றி ஒரு அங்குல பி.வி.சி. குழாயை வளையமாக ஓடவிட்டு, தொட்டிக்குத் தொட்டி ஒரு சின்ன வால்வு வைத்தேன். வளையமாக இருந்தால் கடைசித் தொட்டிக்கும் முதல் தொட்டிக்கும் காற்று ஒரே அளவில் வரும். மோட்டாரைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே, பரணில் வைத்தேன். கீழே வைத்தால் கரண்டு போனதும் தண்ணீர் குழாய் வழியே பின்னோக்கி வந்து மோட்டாருக்குள் இறங்கிவிடும். ஒவ்வொரு தொட்டியிலும் ஒரு ஸ்பாஞ்சு ஃபில்டர். கொளத்தூர்க்காரர்கள் இதை விட்டால் வேறு எதையும் நம்பமாட்டார்கள். விலை குறைவு, குஞ்சை உறிஞ்சாது, அழுக்கையும் பிடிக்கும், அதற்குள் நல்ல நுண்ணுயிரும் வாழும். மாதம் ஒருமுறை ஸ்பாஞ்சை அந்தத் தொட்டித் தண்ணீரிலேயே வாளியில் பிழிய வேண்டும். குழாயடியில் வைத்துக் கழுவினால் குளோரின் பட்டு அந்த நுண்ணுயிர் செத்து, தொட்டி மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

இந்த நுண்ணுயிர் விஷயத்தைப் புரியவைப்பதுதான் என் தொழிலில் பெரும்பாடு. மீன் கழிவிலும் மிஞ்சிய தீனியிலும் அமோனியா வரும். அதை ஒரு வகை நுண்ணுயிர் நைட்ரைட்டாக்கும், இன்னொரு வகை நைட்ரேட்டாக்கும். முதல் இரண்டும் விஷம், மூன்றாவது ஓரளவு தாங்கக்கூடியது. புதுத் தொட்டியில் இந்த நுண்ணுயிர் குடியேற நாலு முதல் ஆறு வாரம் ஆகும். ஆனால் நம் வீடுகளில் கிரகப்பிரவேச நாளன்று காலையில் மீன் நீந்த வேண்டும். ஐயர் வரும் நேரம், பால் காய்ச்சும் நேரம், மீன் விடும் நேரம் எல்லாம் குறித்திருப்பார்கள். வாதாடிப் பயனில்லை. ஓடுகிற தொட்டியிலிருந்து நன்றாகப் பழகிய ஸ்பாஞ்சுகளைத் தண்ணீரோடு கொண்டுபோய்ப் போடுவேன். பெரிய தொட்டியில் ஏழெட்டுச் சின்ன மீன் மட்டும் விடுவேன். “இவ்வளவு பெரிய டேங்குல இத்துனூண்டு மீனா?” என்று மாமனார் கேட்பார். ஒரு மாதம் கழித்து மீதியைக் கொண்டுவந்து விடுவேன். சென்னை போர் தண்ணீரில் பி.எச். ஏழரைக்கு மேல் நிற்கிற இடம் அதிகம், வெயிலும் அதிகம். பி.எச்.சும் சூடும் ஏற ஏற அமோனியாவின் விஷமும் ஏறும். குளிர் நாட்டுக்காரர்கள் எழுதிய புத்தகத்தைப் பார்த்து இங்கே அவசரப்படுகிறவர்கள் அதனால்தான் அதிகம் இழக்கிறார்கள்.

தண்ணீர்தான் இந்த ஊரில் மீன் அறைக்குப் பெரிய சோதனை. மெட்ரோ தண்ணீரில் குளோரின் இருக்கும். முன்பு போட்டோ ஸ்டூடியோக்காரர்கள் பயன்படுத்திய ஹைப்போ உப்பைத்தான் குளோரினை முறிக்கப் போடுகிறோம். ஒரு நாள் டிரம்மில் பிடித்து வைத்துக் காற்று விட்டாலும் குளோரின் போய்விடும். போர் தண்ணீர் இடத்துக்கு இடம் மாறும். ஒரு தெருவில் நன்றாக இருக்கும், அடுத்த தெருவில் கண்ணாடியில் வெள்ளைக் கோடு விழும். ஆவியாகிக் குறைகிற தண்ணீருக்கு ஈடாகப் போர் தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்தால் தண்ணீர் மட்டும் போய் உப்பு தங்கிச் சேரும். மட்டம் ஏற்றுவதற்கு மட்டும் ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றச் சொல்வேன்.

டிஸ்கஸ் மீன் வளர்க்கிறவர்களுக்கு மென்மையான தண்ணீர் வேண்டும். 2003-இல் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று அவசரச் சட்டம் வந்தபோது, மீன்காரர்களுக்கு அது தனி லாபமானது. மாடியில் விழும் முதல் மழையைக் கழித்துவிட்டு, அடுத்த மழையைத் தொட்டியில் பிடித்து வைத்தால் ஆர்.ஓ. மெஷினே வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் பிடித்த தண்ணீரைத் தை வரைக்கும் வைத்துக்கொண்டு டிஸ்கஸ் குஞ்சு எடுத்தவர்களை எனக்குத் தெரியும். டிஸ்கஸ் குஞ்சு தாய் தகப்பனின் உடம்புச் சளியைத் தின்றுதான் வளரும். அந்த நாட்களில் மீன் மிரளுமே என்று பின் அறையில் விளக்குப் போடவும் தயங்குவார்கள்.

2019 கோடையில் ஏரிகள் வறண்டு சென்னை லாரித் தண்ணீரில் ஓடியபோது மீன் அறைகள் பாதியாகக் குறைந்தன. குடிக்கவே தண்ணீர் இல்லாத வீட்டில் வாரம் நூறு லிட்டர் மாற்றுகிறேன் என்று எந்த முகத்தோடு சொல்ல முடியும்? தாக்குப்பிடித்தவர்கள் மீனைக் குறைத்து, தீனியைக் குறைத்து, செடிகளை அதிகமாக்கினார்கள். தொட்டியிலிருந்து வடிக்கிற தண்ணீரை மாடித் தோட்டத்துக்கும் தென்னைக்கும் விட்டார்கள். அந்தத் தண்ணீர் செடிக்கு உரம். அதற்குப் பிறகு நான் கட்டுகிற மீன் அறைகளில் வடிகால் குழாய் சாக்கடைக்குப் போவதில்லை, தோட்டத்துக்குத் திரும்பும்.

கரண்டு இன்னொரு பரீட்சை. 2012-இல் சென்னைக்குத் தினம் இரண்டு மணி நேர மின்வெட்டு. வெளி மாவட்டங்களில் அதைவிடப் பல மடங்கு. அப்போதுதான் சுவரில் பதித்த தொட்டிகளில் இன்னொரு சிக்கல் வெளிச்சத்துக்கு வந்தது. தொட்டித் தண்ணீர் கீழே ஃபில்டர் தொட்டிக்கு இறங்கி, மோட்டாரால் மேலே ஏறுகிற அமைப்பு அப்போது பரவியிருந்தது. மோட்டார் நின்றதும் மேலே குழாய் மட்டம் வரைக்கும் உள்ள தண்ணீர் மொத்தமும் கீழே இறங்கும். கீழ்த் தொட்டியில் அதற்கு இடம் விட்டிருக்காவிட்டால் தண்ணீர் ஹாலில் நிற்கும். சோபாவுக்கடியில் தண்ணீர் வந்த பிறகு கூப்பிட்டவர்கள் எத்தனையோ பேர். தீர்வு சின்னது. தண்ணீர் ஏற்றுகிற குழாயில் தொட்டி மட்டத்துக்குச் சற்றுக் கீழே ஒரு சின்னத் துளை; மட்டம் அதைத் தாண்டி இறங்கியதும் காற்று புகுந்து உறிஞ்சுவது நின்றுவிடும். கீழ்த் தொட்டியில் மூன்றில் ஒரு பங்கு எப்போதும் காலி. வேலை முடிந்ததும் வீட்டுக்காரர் கண்ணெதிரே மெயினை அணைத்து, கீழ்த் தொட்டி நிறைந்து நிற்பதைக் காட்டிவிட்டுத்தான் பணம் வாங்குகிறேன்.

2016 டிசம்பர் 12-இல் வர்தா புயல் அடித்தபோது சில பகுதிகளில் பல நாள் கரண்டு இல்லை. விலை உயர்ந்த மூடிய ஃபில்டர் வைத்திருந்தவர்கள் கரண்டு வந்ததும் அப்படியே போட்டுவிட்டார்கள். உள்ளே காற்றில்லாமல் நுண்ணுயிர் செத்து நாறிக்கிடந்த தண்ணீர் தொட்டிக்குள் பாய்ந்தது. அதுவரை பிழைத்த மீன்கள் அன்றைக்குச் செத்தன. அம்பத்தூர்க்காரர் பேட்டரி மோட்டாரில் காற்றை மட்டும் ஓட்டினார், தீனியை அடியோடு நிறுத்தினார். மீன் சில நாள் பட்டினி கிடக்கும், மூச்சில்லாமல் கிடக்காது. அவருக்குப் பெரிய இழப்பில்லை. இன்வெர்ட்டரில் மீன் அறைக்குத் தனி லைன் இழுக்கச் சொல்வது அதனால்தான். விளக்கு வேண்டாம், காற்று மோட்டார் ஓடினால் போதும்.

மின்சாரத்தில் நான் விட்டுக்கொடுக்காதவை மூன்று. கரண்டு கசிந்தால் தானே துண்டிக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. மீன் அறைக்குத் தனியாக இருக்க வேண்டும். ஸ்விட்சுப் பெட்டி தொட்டி மட்டத்துக்கு மேலே, பக்கவாட்டில். ஒயர்கள் பிளக்குக்குப் போகும்முன் கீழே தொங்கி மேலேறிப் போக வேண்டும். ஒயர் வழியே வருகிற சொட்டு அந்த வளைவிலேயே தரையில் விழுந்துவிடும். இதோடு ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன். அது இல்லாத மீன் அறையில் ஆறு மாதத்தில் கூரைப் பெயிண்ட் உரியும், பக்கத்து அறைப் புத்தகங்களில் பூஞ்சை ஏறும்.

மீன்களும் காலத்துக்குக் காலம் மாறின. நான் வந்தபோது கோல்டும் ஏஞ்சலும். 2000-க்குப் பிறகு தலை வீங்கிய ஃப்ளவர்ஹார்ன் வந்தது. அதன் உடம்பில் எழுத்து இருக்கிறது, அதிர்ஷ்டம் என்று ஆயிரக்கணக்கில் கொட்டினார்கள். பிறகு வாஸ்துக்கு அரவானா. இங்கே பெரும்பாலும் விற்பது தென்னமெரிக்க வெள்ளி அரவானா. கடையில் விரல் நீளம் இருப்பது மூன்றடி வரை வளரும், எகிறிக் குதிக்கும். பின்பக்கம் மூடி போடாத தொட்டியில் அது காலையில் பின் அறைத் தரையில் கிடக்கும். எந்த மீன் வாங்கினாலும் நேராக ஹால் தொட்டியில் விடாதீர்கள் என்பேன். பின் அறையில் ஒரு சின்னத் தொட்டியில் இரண்டு மூன்று வாரம் தனியாக வைத்து, வெள்ளைப்புள்ளி நோய் ஏதும் வராவிட்டால் அப்புறம் முன்னால் கொண்டுபோகலாம். மருந்துக்குக் கல்லுப்பும் காய்ந்த நாட்டு வாதாம் இலையும் அந்தத் தொட்டிக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும்.

பின் அறை செலவு மட்டும்தான் வைக்கும் என்றில்லை. எங்கள் தெருவில் ஒரு அக்கா மொட்டைமாடி சிமெண்டுத் தொட்டியில் மோலி, கப்பி எடுத்து மகளைக் கல்லூரிக்கு அனுப்பினார். 2020-இல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் வீட்டுப் புழக்கடை வண்ண மீன் வளர்ப்பு அலகுக்கு 3 லட்சம் ரூபாய் மதிப்பிட்டு, பொதுப்பிரிவினருக்கு 40 சதவீதமும் பெண்கள், பட்டியல் வகுப்பினருக்கு 60 சதவீதமும் மானியம் வைத்தார்கள். பொழுதுபோக்காகத் தொடங்கியவர்கள்கூட மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்தில் ஒரு முறை விசாரிக்கலாம்.

நான் கட்டிக் கொடுத்ததில் பத்து, பதினைந்து வருஷம் தாண்டி ஓடுகிற தொட்டிகளைப் பார்த்தால், அவை விலை உயர்ந்தவை அல்ல. அந்த வீடுகளில் யாரோ ஒருவருக்கு மீன் பிடிக்கும். அவரே கையை நனைப்பார். வேலைக்காரர் பார்த்துக்கொள்வார் என்று கட்டியவை சீக்கிரம் வறண்டன. ஆகவே சுவரை உடைக்கும்முன் உங்கள் வீட்டில் ஒரு கேள்வியைக் கேட்டுவிடுங்கள்: ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் இதைக் கழுவப்போவது யார்? பெயர் சொல்ல ஆள் இருந்தால் கட்டுங்கள். இல்லாவிட்டால் ஹால் மூலையில் இரண்டடித் தொட்டி ஒன்று போதும். அதில் நாலு கப்பி விட்டுப் பழகுங்கள்.